பக்க விளைவா, வேறு காரணமா? – ஒன்பதாம் வகுப்பில் சில பாடவேளைகள்

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. எங்கள் பள்ளியில் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாள். நான் ஒன்பதாம் வகுப்பின் அறிவியல் ஆசிரியை. மாத்திரை வழங்கும் பொறுப்பும் என்னிடம்தான். மதிய உணவுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று பிற்பகல் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால், பதினொன்றரை மணிக்கே கொடுத்து முடித்துவிட்டேன். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் வகுப்பில் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியாததல்ல.

பன்னிரண்டு மணிக்கு ஒரு மாணவி வாந்தி எடுத்தாள். கால் மணி நேரத்தில் இன்னும் இருவர். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவராக, பதினோரு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணிக்குள் செய்தி ஊருக்குள் போய், தாய்மார்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். "டீச்சரம்மா, என் புள்ளைக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்று கேட்டவரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவர் வந்து எல்லோரையும் பார்த்தார். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன. ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்து, நிழலில் படுக்கவைத்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "சாப்பிட்ட பிறகா கொடுத்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இல்லை என்றேன். மாலையில் எல்லோரும் வீட்டுக்கு நடந்தே போனார்கள்.

அடுத்த வியாழக்கிழமை 38 பேர் உள்ள வகுப்பில் மாத்திரையை விழுங்கியவர்கள் 17 பேர். மற்றவர்களில் சிலர் வேண்டாம் என்று நேரடியாகச் சொன்னார்கள். சிலர் வாயில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீல நிற மாத்திரைகள் கிடப்பதைத் தூய்மைப் பணியாளர் அக்காதான் எனக்குக் காட்டினார். அப்படி எறிந்தவர்களில் ஒருத்தி, முந்தைய மாதம் பள்ளிச் சிறார் நலத் திட்டப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6 என்று வந்த மாணவி. 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 7.6. அவளுக்கு வாரம் ஒரு மாத்திரை போதாது என்று மருத்துவர் தினமும் சாப்பிட மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதையும் அவள் நிறுத்திவிட்டாள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. "சும்மா இருந்தாலே பரவாயில்ல டீச்சர், அதைச் சாப்பிட்டாதான் வாந்தி வருது" என்றாள்.

நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்கிறது. அந்தப் புள்ளிவிவரத்தை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் மாத்திரையின் பக்க விளைவைப் பற்றி ஒரு முறைகூட வாய் திறந்ததில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்ற எண்ணம்தான். சொல்லாமல் விட்டதால் என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன். எனவே இரண்டு வாரத்துக்கு எனக்குக் கிடைத்த பாடவேளைகளில் சிலவற்றை இதற்கே ஒதுக்கினேன்.

முதல் வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வெறும் வயிற்றில் கொடுத்தது என் தவறு என்றேன். இரும்புச்சத்து மாத்திரை இரைப்பையின் உட்சுவரை உறுத்தும். அதனால் குமட்டல், வயிற்றுவலி வரலாம். சிலருக்கு மலச்சிக்கல் வரும். உணவுக்குப் பின் சாப்பிட்டால் இந்தத் தொல்லை குறையும். டீ, காபியோடு சேர்ந்தால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். உறிஞ்சப்படாமல் தங்கிய இரும்பு குடலில் மாற்றமடைந்து மலத்தோடு வெளியேறுவதால் மலம் கறுப்பாகும். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. ஆனால் பல பெண்களின் முகத்தில் நிம்மதியும் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தியதற்கு வாந்தியைவிட இதுவே பெரிய காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. வீட்டில் சொல்லவும் வெட்கம், கேட்கவும் வெட்கம்.

கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: "மலம் கறுப்பாகப் போகலாம். பயப்பட வேண்டாம்." இந்த வரிக்கு நான் பிறகு திரும்ப வருகிறேன்.

"அப்படின்னா பதினோரு பேருக்கும் மாத்திரையாலதான் வயிறு வலிச்சுதா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. எனக்கே விடை உறுதியாகத் தெரியவில்லை. நாமே கண்டுபிடிப்போம் என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, மாத்திரை எதுவும் கொடுக்காத நாளில், மதியம் இரண்டு மணிக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தேன். தலைவலி, வயிற்றுவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு என ஐந்து கட்டங்கள். இப்போது என்ன இருக்கிறதோ அதில் டிக் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். தாள்களை எண்ணிப் பார்த்தபோது நானே ஆச்சரியப்பட்டேன். எந்த மாத்திரையும் சாப்பிடாத அந்த நாளில் ஐந்து பேருக்கு வயிற்றுவலி, ஏழு பேருக்குத் தலைவலி, பாதி வகுப்புக்குச் சோர்வு! வியாழக்கிழமை உணவுக்குப் பின் மாத்திரை கொடுத்துவிட்டு அதே தாளை மீண்டும் கொடுத்தோம். அன்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 24 பேர். வகுப்பு முழுவதிலும் வயிற்றுவலி ஏழு, தலைவலி ஆறு.

ஏழிலிருந்து ஐந்தைக் கழிக்க வேண்டும் என்பதை மாணவர்களே சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்த தொல்லை எல்லாமே மாத்திரையால் வந்தது ஆகாது. மாத்திரை இல்லாமலே வரக்கூடியதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மாத்திரையின் கணக்கு. மருந்து ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு மருந்தும், இன்னொரு குழுவுக்கு மருந்து போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுப்பது இதற்காகத்தான். ஒரு வகுப்பில் இரண்டு நாள் எடுத்த கணக்கு ஆய்வு ஆகாது. இரண்டு பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அதையும் சொன்னேன். ஒரு மாணவி, "செவ்வாய்க்கிழமை ஆளு வேற, வியாழக்கிழமை ஆளு வேறயா இருக்கலாம்ல, பேருதான் எழுதலையே" என்றாள். அந்தக் குறையை நான் கவனிக்கவே இல்லை.

வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவர்களிலும் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வருவது உண்டு. இது வாந்தி எடுக்க வைக்கும் மாத்திரை என்ற எண்ணத்தோடு விழுங்கினால், உடல் அதற்கேற்பவே நடந்துகொள்ளும். அருகில் ஒருவர் வாந்தி எடுப்பதைப் பார்த்தால் நமக்கும் குமட்டுகிறதல்லவா? இதை வகுப்பில் சொல்லும்போது மட்டும் மிகக் கவனமாக இருங்கள். "நீங்க நடிச்சீங்க" என்று பிள்ளைகள் காதில் விழுந்துவிடக் கூடாது. அந்த வயிற்றுவலி உண்மையான வயிற்றுவலிதான். அதன் காரணம் மட்டும் வேறு.

அடுத்து, வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளையும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்புத் தாள்களையும் கொண்டு வரச் சொன்னேன். காலி அட்டைகள் மட்டும். மாத்திரை இருக்கும் அட்டை பள்ளிக்கு வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வந்து குவிந்ததைப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. முழு அட்டை குறைவு. வெட்டிய துண்டுகளே அதிகம். கடையில் இரண்டு மாத்திரை கேட்டால் கத்தரித்துக் கொடுப்பார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பகுதி கடையிலேயே நின்றுவிடும். குறிப்புத் தாள் ஆறே ஆறுதான் கிடைத்தது. அதிலும் எழுத்து எறும்பு ஊர்வது போல. ஆய்வகத்து உருப்பெருக்கும் கண்ணாடியை எடுத்து வந்தோம்.

வணிகப் பெயர் பெரிதாகவும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் சிறிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய பெயரை மட்டும் வட்டமிடச் சொன்னேன். வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பெயரில் இருந்த ஐந்து அட்டைகளில் பாரசிட்டமால் இருந்தது. அவற்றில் ஒன்று சளி மாத்திரை. "எங்க அம்மா காய்ச்சலுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணுன்னு ரெண்டும் சேர்த்துப் போடுவாங்களே" என்றாள் ஒருத்தி. கணக்குப் போட்டோம். காய்ச்சல் மாத்திரையில் 650 மி.கி., சளி மாத்திரையில் 500 மி.கி. சேர்த்து ஒரு வேளைக்கு 1150. நாளுக்கு மூன்று வேளை என்றால் 3450. நான்கு வேளை என்றால் 4600. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4000 மி.கி. அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். ஒல்லியானவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு. சரியான அளவில் மிகப் பாதுகாப்பான மருந்து, அளவு மீறும்போது ஆபத்தாகிறது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

குறிப்புத் தாளில் பக்க விளைவுகளின் பட்டியல் நீளமாக இருக்கும். அதைப் படித்ததும் பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். "இவ்வளவும் வந்தா ஆள் செத்துருவாங்களே!" எத்தனை பேருக்கு வரும் என்பதைப் பார்க்காமல் பட்டியலைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். சர்வதேச அளவில் இதற்கு ஒரு வகைப்பாடு இருக்கிறது. பத்தில் ஒருவருக்கு அல்லது அதைவிட அதிகமானோருக்கு வந்தால் மிகப் பரவலானது. நூற்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை பரவலானது. ஆயிரத்தில் ஒருவர் முதல் நூற்றில் ஒருவர் வரை எப்போதாவது வருவது. பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவர் வரை அரிது. அதற்கும் கீழே என்றால் மிக அரிது.

இதை வாயால் சொன்னால் மனதில் நிற்காது. கணக்குப் பாடத்துக்கான வரைபடத் தாளை எடுக்கச் சொன்னேன். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள சதுரத்தில் மில்லிமீட்டர் கட்டங்கள் 10,000. ஒரு கட்டம் ஒரு மனிதர். பத்தில் ஒருவர் என்றால் 1 செ.மீ. அகலமுள்ள ஒரு பட்டை முழுவதையும் வண்ணமடிக்க வேண்டும். நூற்றில் ஒருவர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர். ஆயிரத்தில் ஒருவர் என்றால் பத்துப் பொடிக் கட்டங்கள். பத்தாயிரத்தில் ஒருவர் என்றால் பென்சில் முனையால் வைத்த ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தாளில் தேட வேண்டியிருந்தது. "ஆனா அந்தப் புள்ளி நானா இருந்தா?" என்றான் பின்பெஞ்சு மாணவன். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இன்னொரு பக்கத்தையும் வரைய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மருந்தைச் சாப்பிடாவிட்டால் எத்தனை கட்டம் வண்ணமாகும்? இரத்தசோகைக்கு அதே தாளில் 5,900 கட்டங்கள். பாதிக்கு மேல் தாள் சிவந்துவிட்டது. அந்த 7.6 மாணவி வெகு நேரம் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு இருக்கிறது என்பதால் இன்னொரு கணக்கையும் போட்டோம். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு பக்க விளைவு, 3,000 பேரிடம் நடத்தும் ஆய்வில் தென்படுமா? 0.9999ஐ 3,000 முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.74. அதாவது நூற்றுக்கு 74 வாய்ப்பு, அது ஒருவரிடம்கூடத் தென்படாமல் போவதற்கு. மருந்து கடைக்கு வந்து இலட்சக்கணக்கானோர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அரிய விளைவுகள் தெரியவரும். போதிய ஆய்வே இல்லாமல் ஒரு மருந்து வெளிவந்தால் நிலைமை இன்னும் மோசம். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்டது. 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைபாடுள்ள கை கால்களோடு பிறந்துவிட்டார்கள். அதன் பிறகே விற்பனைக்கு வந்த மருந்துகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடுகள் உலக அளவில் தொடங்கின. நம் நாட்டில் 2010இல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவர்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. நோயாளியோ அவர் வீட்டாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. இந்த எண் எனக்கே இந்த வகுப்புக்காகத் தேடியபோதுதான் தெரியும்.

இப்போது அந்தக் கரும்பலகை வரிக்கு வருகிறேன்.

வரைபட வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே போகும்போது, பின்பெஞ்சில் உட்காரும் அதே மாணவன் என் மேசைக்கு வந்தான். "டீச்சர், எங்க தாத்தாவுக்கும் கறுப்பாத்தான் போகுது. அவரு பயந்துக்கிட்டு இருந்தாரு. நான்தான் எங்க டீச்சர் ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னாங்கன்னு சொன்னேன்."

"தாத்தா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறாரா தம்பி?"

"இல்ல டீச்சர். முட்டி வலிக்கு கடையில ஒரு செட்டு வாங்கிப் போடுவாரு. தினமும்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. எத்தனை நாளாக, எப்படிப் போகிறது என்று கேட்டேன். நான்கு நாளாக; தார் மாதிரி, ஒட்டிக்கொள்ளும்படி, நாற்றம் தாங்க முடியாமல். தாத்தா எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, அவன் அப்பாவுக்கு போன் செய்து, இப்போதே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், மாத்திரையை நிறுத்துங்கள், மிச்சம் இருக்கும் துண்டையும் கையோடு கொண்டு போங்கள் என்றேன். இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தக்கசிவு. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். இதயத்துக்காக அவர் ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதோடு கடை மாத்திரையில் இருந்த டைக்ளோஃபினாக்கும் சேர்ந்திருக்கிறது. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

நான் எழுதியது பொய்யல்ல. ஆனால் எந்த மருந்துக்கு என்பதை அந்த வரியில் எழுதாமல் விட்டேன். அது என் வகுப்பிலிருந்து ஒரு வீட்டுக்குப் போய், பயந்து மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய ஒரு முதியவரை வீட்டிலேயே நிறுத்தி வைத்தது. அடுத்த வகுப்பில் அந்த மாணவனின் அனுமதியோடு, அவன் பெயர் சொல்லாமல், இதையே பாடமாக எடுத்தேன். ஒரே அறிகுறி, இரண்டு மருந்து, இரண்டு பொருள்.

டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகள் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன. இதை 1971இல் கண்டறிந்த ஜான் வேன் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூட்டில் இந்தப் பொருள் வலியையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. இரைப்பையிலோ உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. மருந்துக்கு மூட்டு எது, இரைப்பை எது என்று தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. மருந்துக்குள் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று எனத் தனித்தனியாக இருப்பதாக என் மாணவர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிக் கொடுத்து வந்தேன்.

ஒரு தொல்லை மருந்தால்தான் வந்ததா என்று மதிப்பிட, நராஞ்சோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1981இல் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். மருத்துவர்களுக்கானது அது. அதிலிருந்து பிள்ளைகளுக்குப் புரிகிற சிலவற்றை எடுத்துக்கொண்டேன். மருந்தைச் சாப்பிட்ட பிறகுதான் வந்ததா, முன்பே இருந்ததா? இந்த மருந்துக்கு இப்படி வரும் என்று ஏற்கெனவே தெரியுமா? நிறுத்தியதும் குறைந்ததா? அளவு கூடினால் கூடுகிறதா? வேறு காரணம் இருக்கிறதா? மீண்டும் சாப்பிட்டபோது மீண்டும் வந்ததா என்பதும் அந்தப் பத்தில் உண்டு. ஆனால் அதை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது என்று அழுத்திச் சொன்னேன். ஒவ்வாமையாக இருந்தால் இரண்டாம் முறை முதல் முறையைவிடக் கடுமையாக வரலாம். மருந்து சாப்பிட்ட பின் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ முகமோ வீங்குதல், மூச்சுத் திணறல் வந்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை; உடனே 108. அதேபோல, பக்க விளைவோ என்ற சந்தேகத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை வைத்துப் பதினோரு பேரின் வயிற்றுவலியை மீண்டும் அலசினோம். முதல் மூவரும் காலையில் சாப்பிடாதவர்கள். மாத்திரை சாப்பிட்ட அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் வாந்தி. இவர்களுக்கு மாத்திரைதான் காரணமாக இருக்கக்கூடும் என்று வகுப்பு முடிவு செய்தது. மீதி எட்டுப் பேரில் ஒருத்தி அன்று மாத்திரையே சாப்பிடவில்லை, கையில் மறைத்துவிட்டேன் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டாள். வகுப்பே கைதட்டியது. அவளும் சிரித்துவிட்டாள்.

உங்கள் பள்ளியில் இதைச் செய்வதானால் சில விஷயங்கள். எந்த மாணவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை வகுப்பில் வெளிப்படையாகக் கேட்காதீர்கள். காசநோய், வலிப்பு, மனநல மருந்துகள் சாப்பிடும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கலாம். எந்த மருந்து நல்லது என்று ஆசிரியர் சொல்ல வேண்டாம். அது நம் வேலையில்லை. கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரையோ ஒரு பாடவேளைக்கு அழைக்கலாம். எங்கள் பள்ளிக்கு வந்த மருந்தாளுநர், முழு அட்டை வாங்க முடியாவிட்டாலும் மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள் என்று சொன்னார். இது எனக்குத் தோன்றாமல் போனது.

வியாழக்கிழமை மாத்திரை இப்போது சத்துணவுக்குப் பிறகுதான். காலையில் சாப்பிட்டீர்களா என்று வருகைப் பதிவின்போதே கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை 38 பேரில் 35 பேர் விழுங்கினார்கள். மூவருக்குக் காய்ச்சல் என்பதால் நானே கொடுக்கவில்லை. அந்த மாணவி தினசரி மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் தானே போய்க் கேட்டு வந்தாள். நவம்பரில் அவளுக்கு 10.2. வாயில் ஆணியை வைத்த மாதிரி ஒரு சுவை இன்னும் இருக்கிறதாம்.